கோழி லோடும் கம்ப்ரசரும்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். சங்ககிரியில் லாரி வைத்து ஓட்டுகிறான். மூன்றாம் கைக்கு வாங்கிய பழைய டிரெய்லர், ஏ.சி. கேபின் வைத்தது.

"மாமா, ஏ.சி. கம்ப்ரசர் ஜாம் ஆயிருச்சுங்க. பெல்ட் புகையுது. கம்ப்ரசர மட்டும் மாத்துனாப் போதும்னு மெக்கானிக் சொல்றாருங்க. மாத்திரட்டுங்களா?"

"பொறு, அவசரப்படாதே" என்று சொல்லி போனை வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. தம்மாமில் 1996-ல் ஒரு மனிதர் என் பட்டறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்த காட்சி திரும்பத் திரும்ப வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை லோடு கொண்டு போவார். திரும்பும்போது தேங்காயோ ரப்பர் ஷீட்டோ, கிடைத்த லோடு. அவருடைய இடது கால் ஆடுசதை வலது காலைவிடக் கறுத்து, தோல் தடித்துப் போயிருக்கும். சின்ன வயதில் அதை ஏதோ வியாதி என்று நினைத்து, அந்தக் காலைத் தொடவே பயப்படுவேன்.

அந்தக் காலத்து லாரிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியிலிருந்து எஞ்சினும் சேஸிஸும்தான் வரும். கேபினை நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளில் மரமும் தகரமும் வைத்துக் கட்டுவார்கள். எஞ்சினில் பாதி கேபினுக்குள்ளேயே இருக்கும், டிரைவருக்கு இடது பக்கத்தில். அதன் மூடியின்மேல் கோணிச் சாக்கை நனைத்துப் போட்டிருப்பார்கள். அரை மணியில் காய்ந்துவிடும். பதினான்கு மணி நேரம் வண்டி ஓட்டினால் அத்தனை நேரமும் அந்தக் கால் அடுப்போரம் இருந்ததாக அர்த்தம்.

நான் ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு சினிமா தியேட்டரின் ஏ.சி. பிளான்ட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருமுறை லோடு இறக்கிவிட்டு அப்பா என்னைப் பார்க்க வந்தார். பிளான்ட் ரூமைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜில்லென்றிருந்த குழாயைக் கையால் தடவிவிட்டு, "ஏஞ்சாமி, இத லாரியில வெக்க முடியாதா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "உங்க ஓனரு இதுக்கு டீசல் குடுப்பாராப்பா?" என்றேன். அவரும் சிரித்தார். அப்போது எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. லாரியில் வைக்க முடியும் என்பது மட்டுமல்ல, அதை வைத்து நாற்பது வருடங்கள் ஆகியிருந்தன. ஆனால் டிரைவருக்காக வைக்கவில்லை. கோழிக்காக வைத்தார்கள்.

அந்தக் கதை அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில் நடந்தது. ஜோசப் நியூமெரோ என்பவர் மினியாபொலிஸ் நகரத்தில் சினிமா தியேட்டர்களுக்கு ஒலிக் கருவிகள் செய்து விற்றுக்கொண்டிருந்தார். லாரித் தொழில் செய்த அவருடைய நண்பர் ஒருவருக்கு வழியில் ஐஸ் உருகிப்போய் ஒரு லோடு கோழி முழுக்கக் கெட்டுவிட்டதாம். கோல்ஃப் ஆடும் இடத்தில் அவர் புலம்ப, லாரிக்குள் இயந்திரத்தால் குளிரூட்ட முடியாதா என்ற பேச்சு வந்தது. நியூமெரோ விளையாட்டாக, "நான் செய்து தருகிறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அதற்கு முன்பும் சிலர் முயன்றிருந்தார்கள். ரோட்டு அதிர்ச்சியில் குழாய்கள் விரிசல் விட்டு, காஸ் ஒழுகி, எதுவும் நிற்கவில்லை.

நியூமெரோ வாய்விட்டதைச் செய்து காட்டியவர் ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ். 1893-ல் சின்சினாட்டியில் பிறந்த கறுப்பினத்தவர். சிறு வயதிலேயே அநாதையாகி, ஒரு பாதிரியாரின் பராமரிப்பில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டார் பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலையில் தொடங்கி மெக்கானிக் ஆனார். ஹாலக் என்ற சிற்றூரில் ஒரு பண்ணையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய்த் திரும்பினார். ஊருக்கு வானொலி ஒலிபரப்பிக் கருவி கட்டிக் கொடுத்தார். ஊமைப் படம் பேசும் படமானபோது அதற்கான ஒலிக் கருவியைக் கழிவுச் சாமான்களிலிருந்தே செய்தார். அதைப் பார்த்துத்தான் நியூமெரோ அவரை வேலைக்கு எடுத்தார்.

1938-ல் ஜோன்ஸ் லாரிக்கான குளிர்சாதன இயந்திரத்தை உருவாக்கினார். முதல் மாதிரிகள் கனமானவை. வண்டியின் அடியில் தொங்கியதால் சேறும் தூசியும் அடைத்துக்கொண்டன. பிறகு எடையைக் குறைத்து, பெட்டியின் முன்பக்கம், கேபினுக்கு மேலே நெற்றியில் வைத்தார். இன்றைக்கும் ஐஸ்கிரீம் வண்டிகளிலும் மீன் கன்டெய்னர்களிலும் நீங்கள் பார்ப்பது அந்த இடத்தில்தான். அவர்கள் தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் தெர்மோ கிங் ஆனது. இரண்டாம் உலகப் போரில் ரத்தமும் மருந்தும் கெடாமல் போய்ச் சேர அவருடைய இயந்திரங்கள் உதவின. அறுபதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு. 1961-ல் இறந்தார். அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1991-ல்தான் கிடைத்தது, அதாவது அவர் இறந்து முப்பது வருடம் கழித்து. அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

நான் இவரைப் பற்றிப் படித்தபோது ஒன்றை யோசித்தேன். அவர் இயந்திரத்தை வைத்த இடம் டிரைவரின் தலைக்கு நேர் மேலே. பின்னால் இருக்கும் கோழி ஜில்லென்று போகும். கீழே உட்கார்ந்திருப்பவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டுவார். நடுவில் ஒரு தகரம்தான்.

கார்க்காரர்களுக்குச் சீக்கிரமே யோகம் அடித்தது. 1940-ம் ஆண்டு மாடல் பேக்கார்டு காரில் ஏ.சி. வைத்து விற்றார்கள். விலை கூடுதலாக 274 டாலர். கூலிங் காயில் பின் சீட்டுக்குப் பின்னால் இருந்ததால் டிக்கியில் பாதி இடம் போய்விட்டது. கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடினால் கம்ப்ரசரும் ஓடும். குளிர்காலத்தில் வேண்டாம் என்றால் பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும்! வெகு சீக்கிரத்திலேயே அதைக் கைவிட்டார்கள். 1954-ல் நாஷ் கார் கம்பெனி எல்லாப் பாகங்களையும் எஞ்சின் பக்கமே அடக்கி, மின்காந்தக் கிளட்சும் வைத்து, கட்டுப்படியாகும் விலையில் கொண்டுவந்த பிறகுதான் கார் ஏ.சி. பரவியது. அதற்கு முன் அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் ஜன்னலில் உருளை வடிவில் ஒரு தண்ணீர்க் கூலரைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். நம் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது போன்ற வேலைதான்.

இங்கே கம்ப்ரசரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால்தான் பின்னால் வருவது புரியும். ஸ்பிரிட் கையில் பட்டால் ஜில்லென்று இருக்கிறது. ஆவியாகும்போது அது சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஏ.சி.யும் அவ்வளவுதான். கேபினுக்குள் இருக்கும் காயிலில் திரவம் ஆவியாகி உள்ளேயிருக்கும் சூட்டை எடுக்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து, அழுத்தி, சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சருக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை வெளியே விட்டுவிட்டுத் திரும்பத் திரவமாகிறது. திரும்பவும் ஒரு சின்னத் துவாரம் வழியே உள்ளே போகிறது. ஒரே காஸ்தான், சுற்றிச் சுற்றி வரும். கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெயும் அந்தக் காஸோடு கலந்தேதான் சுற்றும். எண்ணெய் தனியாக எங்கும் தங்காது. இதை மறந்த மெக்கானிக்கால் எத்தனையோ கம்ப்ரசர்கள் செத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

வீட்டுப் பிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் குடத்துக்குள், வெல்டு வைத்து மூடியிருக்கும். முப்பது வருடம்கூட ஓடும். வண்டியில் அப்படி முடியாது. எஞ்சின் பெல்ட்தான் சுற்ற வேண்டும் என்பதால் ஷாஃப்ட் வெளியே வந்தே ஆக வேண்டும். அந்த இடத்தை அடைப்பது ஒரு சீல். குழாய்களும் அதிர்ச்சிக்காக ரப்பர் ஹோஸ். ஆகவே வண்டி ஏ.சி. எப்போதும் கொஞ்சம் கசிந்துகொண்டேதான் இருக்கும். கசிந்தால் என்ன காஸ் வெளியே வருகிறது என்பது ரொம்ப முக்கியமாகிறது.

ஆரம்ப காலப் பிரிட்ஜுகளில் அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு இவைதான். எல்லாமே ஆளைக் கொல்லக்கூடியவை. ஐன்ஸ்டைனே இதற்காக மெனக்கெட்டிருக்கிறார். அவரும் லியோ சிலார்டு என்ற விஞ்ஞானியும் சேர்ந்து, கசிய இடம் கொடுக்கும் நகரும் பாகமே இல்லாத ஒரு பிரிட்ஜை உருவாக்கி 1930-ல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார்கள். ஆனால் அதற்குள் வேறு வழி பிறந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸுக்காக வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி 1928-ல் தீப்பிடிக்காத, விஷமில்லாத, வாசனையும் பெரிதாக இல்லாத ஒரு காஸைக் கண்டுபிடித்தார். 1930-ல் அறிஞர்கள் சபையில் அந்தக் காஸைத் தன் மூச்சிலேயே இழுத்து, மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்று ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார். ஃப்ரியான் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் தொழிலில் ஆர்-12.

பெட்ரோலில் ஈயத்தைக் கலக்கச் சொன்னதும் இதே மிட்ஜ்லிதான். போலியோவில் கால் விளங்காமல் போய், படுக்கையிலிருந்து எழக் கயிறும் கப்பியுமாக ஒரு சாதனம் செய்துகொண்டார். 1944-ல் அந்தக் கயிற்றிலேயே கழுத்து சிக்கி இறந்துபோனார். தன்னுடைய காஸ் என்ன செய்தது என்று தெரியாமலே போய்விட்டார். அது அவருக்கு நல்லதுதான் என்று எனக்குப் படும்.

நான் 1983-ல் சவூதிக்குப் போனேன். தம்மாம் சனையாவில், அதாவது பட்டறைகள் நிறைந்த தொழிற்பேட்டையில், வண்டி ஏ.சி. மட்டும் பார்க்கும் ஒரு கடை. வெயில் 45 டிகிரியைத் தாண்டும் ஊரில் எங்களுக்கு வேலைக்குக் குறைவே இல்லை. அமெரிக்கப் பிக்கப் லாரிகள், ஜப்பான் வண்டிகள், மூக்கு நீண்ட ஜெர்மன் லாரிகள் எல்லாம் வரும். லாரியின் கேபினுக்குள் ஏ.சி. ஓடுவதை நான் முதலில் பார்த்தது அங்கேதான். அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். "நல்லது சாமி, அங்கயாவது இருக்குதே" என்று யாரையோ வைத்து எழுதிப் பதில் அனுப்பியிருந்தார்.

ரிப்பேருக்கு வண்டி வந்தால் முதல் வேலை, உள்ளே மிச்சமிருக்கும் காஸை வெளியே விடுவது. வால்வைத் திறந்தால் புஸ்ஸென்று போகும். கை விறைக்காமல் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான் எங்கள் ஜாக்கிரதை. பிறகு வேலையை முடித்து, வெள்ளை நிறச் சிலிண்டரிலிருந்து புது காஸ் ஏற்றுவோம். குழாய் கழுவ ஆர்-11. அதுவும் காற்றோடு போகும். யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் தெரியாது.

ஆனால் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இருவர் 1974-லேயே எழுதிவிட்டார்கள். இந்தக் காஸ் எதனோடும் சேராது, எதனாலும் கரையாது, அதனால்தான் பத்திரமானது. அதே காரணத்தால் அழியாமல் மேலே மேலே போய், ஓசோன் படலம் இருக்கும் உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிரில் உடையும். உடைந்து வெளிவரும் ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைக்கூடத் தின்னும். தொழிற்சாலைக்காரர்கள் நம்பவில்லை, அல்லது நம்ப விரும்பவில்லை. 1985-ல் அண்டார்டிகாவில் வேலை செய்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அங்கே வசந்த காலத்தில் ஓசோன் பெரிதும் குறைந்துபோவதை அளந்து வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இந்தியா 1992-ல் சேர்ந்தது. 1995-ல் மொலினாவுக்கும் ரோலண்டுக்கும், பால் க்ரூட்சனோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் பக்கத்து மேட்டூரிலும் இந்தக் காஸ் தயாரானது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 2008-ல் இந்தியாவில் இதன் தயாரிப்பு, ஆஸ்துமா மருந்து போன்ற சில தேவைகள் நீங்கலாக, நின்றது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பேப்பரை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். நாளுக்கு இரண்டு வண்டி, வண்டிக்குச் சராசரி ஒரு கிலோ, வருடத்துக்கு 250 நாள், பத்து வருடம். 5 டன் வருகிறது. அப்பா ஓட்டிய லாரியில் பாதி லோடு. அவ்வளவையும் நான் ஒருவன் வால்வைத் திறந்து வானத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தக் காஸ் நூறு வருடம் தங்குமாம். நான் விட்டதில் பெரும்பகுதி இன்னும் மேலேதான் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று எழுதிவிட்டேன்.

1990-களின் நடுவில் புது வண்டிகளெல்லாம் ஆர்-134ஏ என்ற புது காஸோடு வந்தன. இளநீலச் சிலிண்டர். ஆர்-12 விலை ஏறிக்கொண்டே போனது. பழைய வண்டிக்காரர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அப்படித்தான் 1996 ஜூலையில் அந்தப் பெஷாவர்க்காரர் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். 1986 மாடல் அமெரிக்கப் பிக்கப் ஒன்றில் தம்மாமுக்கும் ஹுஃபூஃபுக்கும் இடையே காய்கறி ஓட்டிக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர், இருபுறமும் மணல். கம்ப்ரசர் இறுகிப்போய் நின்றுவிட்டது. கிளட்ச் தகடு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அந்த வண்டியில் தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றியது. பெல்ட் அறுந்தால் ஏ.சி. மட்டுமல்ல, வண்டியே பாலைவனத்தில் நின்றுவிடும்.

முதலாளி பழுது பார்த்து விற்கும் கம்ப்ரசர் ஒன்றை மாட்டச் சொன்னார். 650 ரியால். காஸ் ஆர்-134ஏ ஏற்றிவிடு, மலிவு என்றார். வாசலில் ஏழு வண்டி நிற்கிறது. குழாய்களைக் கழுவவில்லை. டிரையரை மாற்றவில்லை. பழைய எண்ணெய் உள்ளேயே இருந்தது. புது காஸுக்கும் பழைய மினரல் ஆயிலுக்கும் ஒத்துவராது என்று எனக்குத் தெரியும். டீலர் கொடுத்த பயிற்சித் தாளில் படித்திருந்தேன். ஆனாலும் செய்தேன். முதலாளி சொன்னார் என்று இப்போது எழுதினால் அது பாதி உண்மைதான். ஸ்பேனர் என் கையில் இருந்தது.

மூன்றாவது வாரம் வண்டியை இன்னொரு லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அதே இறுகல். அவர் சத்தம் போடவில்லை. வாசலில் நிழலில் தரையில் உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். தக்காளி லோடு வழியில் கெட்டுவிட்டது, கடைக்காரர் பணம் தரமாட்டார், இந்த மாதம் ஊருக்கு அனுப்ப ஒன்றுமில்லை என்று அமைதியாகச் சொன்னார். அவருடைய இடது கையைப் பார்த்தேன். ஜன்னலில் வைத்து வைத்து முழங்கை வரை கருகியிருந்தது. அங்கே வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம்.

முதலாளி, "கம்ப்ரசருக்கு வாரண்டி இல்லை, வேண்டுமானால் இன்னொன்று காசு கொடுத்து வாங்கச் சொல்" என்று உள்ளே போய்விட்டார்.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. "வியாழன் ராத்திரி வண்டியை என் ரூம் வாசலில் கொண்டுவந்து விடுங்கள்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். மறுநாள் வண்டி உடைக்கும் இடத்துக்குப் போனேன். அதை அங்கே தஷ்லீஹ் என்பார்கள். விபத்தில் நசுங்கிய வண்டி ஒன்றிலிருந்து அதே மாதிரி கம்ப்ரசரைக் கழற்றி வாங்கினேன். கையால் சுற்றிப் பார்த்தால் பட்டுப் போல் ஓடியது. புது டிரையர், துவாரக் குழாய், பச்சை நிற ஓ-ரிங் ஒரு செட், எஸ்டர் ஆயில். எல்லாம் என் காசு.

வியாழன் இரவு பழைய துவாரக் குழாயை உருவியபோதுதான் என் தவறு கண்ணுக்குத் தெரிந்தது. சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குழாய். முனையில் கொசுவலை போன்ற சல்லடை. அந்தச் சல்லடை முழுக்கக் கறுப்புச் சேறு, நடுவே அலுமினியத் தூள் மினுமினுத்தது. முதல் கம்ப்ரசர் சாகும்போது தன் உடம்பைத் தேய்த்துத் துப்பிய தூள். கம்ப்ரசரை மாற்றி என்ன பயன்? அது துப்பியதெல்லாம் கண்டன்சரில் உட்கார்ந்திருந்து, புதிதாக வந்ததையும் அடைத்துவிட்டது. எண்ணெயோ புது காஸோடு கலக்காமல் அடிக் காயில்களில் தேங்கி நின்றுவிட்டது. கம்ப்ரசர் வறண்டு ஓடிச் செத்திருக்கிறது.

கண்டன்சரையும் கூலிங் காயிலையும் சால்வென்ட் ஊற்றி, நைட்ரஜன் அழுத்தத்தில் எதிர்த் திசையில் ஊதினேன். வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்ப்பேன். முதலில் கரி. பிறகு சாம்பல். எட்டாவது தடவைதான் துணி வெள்ளையாக நின்றது. பாய் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். ஓ-ரிங் ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவி மாட்டினேன். கம்ப்ரசரிலிருந்த பழைய எண்ணெயை வடித்து, அளந்து புதியது ஊற்றி, பத்துப் பன்னிரண்டு சுற்று கையாலேயே சுற்றினேன். சிலிண்டருக்குள் எண்ணெய் தேங்கியிருக்கும்போது எஞ்சினை முடுக்கினால் வால்வு உடைந்துவிடும். பிறகு வாக்குவம் பம்ப், முழுசாக ஒரு மணி நேரம். காற்றை எடுப்பதற்கு மட்டுமல்ல அது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சாதாரணச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் அப்படித்தான் வெளியேறும். பம்பை நிறுத்திவிட்டு முள் நகர்கிறதா என்று பார்த்தோம். நகரவில்லை.

பழைய வண்டிக்குப் புது காஸ் பழைய அளவில் ஏற்றக் கூடாது. எண்பது சதவீதம் போதும். தராசில் சிலிண்டரை வைத்து அளந்து ஏற்றினேன். பொழுது விடிந்துகொண்டிருந்தது. பாய் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு ரொட்டியும் டீயும் வாங்கி வந்தார்.

மதியம் இரண்டு மணி வெயிலில் ஓட்டிப் பார்த்தோம். காற்று வரும் வாயில் தெர்மாமீட்டர் 13 டிகிரி காட்டியது. ஆர்-12 இருந்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறைந்திருக்கும். அந்தக் கண்டன்சர் அந்தக் காஸுக்காக அளவெடுத்தது. அதை அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னலை ஏற்றிவிட்டு இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, "போதும், இது போதும்" என்றார். நான் 1999-ல் ஊர் திரும்பும்வரை அந்த வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியபோது அப்பா இல்லை. நம் லாரிகளில் கேபின் ஏ.சி. அப்போது அபூர்வம். நெடுஞ்சாலையில் வால்வோ டிரெய்லர் ஒன்று கண்ணாடி ஏற்றிக்கொண்டு போனால் மற்ற டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஐஸ்கிரீம், மீன், மருந்து எல்லாம் குளிரில் போக, ஓட்டுபவர் வெந்துகொண்டு போவதுதான் வழக்கம். 2023 டிசம்பரில்தான், புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2025-ல் நடைமுறைக்கு வந்தது. ஜோன்ஸ் கோழிக்குக் குளிர் கொடுத்து எண்பத்தேழு வருடம் கழித்து. செய்தியைப் படித்தபோது அப்பா அந்தக் குழாயைத் தடவிய கை ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் அக்கா மகனுக்கு நானே போன் செய்தேன்.

"கம்ப்ரசரோட டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எல்லா ஓ-ரிங்கும் மாத்தோணும். கண்டன்சரக் கழட்டிக் கழுவோணும். மிச்சமிருக்கற காஸ வெளிய விடக் கூடாது, மிசின் வெச்சுருக்கறவனப் பாத்துச் சிலிண்டர்ல பிடிக்கச் சொல்லு."

"அதுக்கெல்லாம் இன்னும் ஒம்பதாயிரம் ஆகும்ங்கறாங்க மாமா. டிரைவரண்ணன் ஏ.சி. இல்லாட்டியும் பரவால்ல, ஓட்டிக்கறேன்னு சொல்றாருங்க."

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு" என்றேன். "வண்டிய வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுக்குக் கொண்டா. மெக்கானிக்கையும் கூட்டிட்டு வா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

வருவதாகச் சொல்லியிருக்கிறான். பழைய கேஜ் செட்டைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.